பழைய மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர்: எது லாபம், எது ஆபத்து?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற வல்லம் வட்டாரத்தில் ஆற்றுப் பாசனம் என்று பெரிதாகச் சொல்ல எதுவும் கிடையாது. வராக நதியும் தொண்டியாறும் மழைக்காலத்தில் ஓடி அடங்கிவிடும். ஏரி நிரம்பினால் ஒரு போகத்துக்கு உறுதி. அதற்கு மேல் நெல்லோ மல்லாட்டை எனும் நிலக்கடலையோ கரும்போ எது விளைந்தாலும் கிணற்றையும் போரையும் நம்பித்தான். அதாவது மோட்டாரை நம்பித்தான். மோட்டார் கொட்டகை பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளி, வரப்பு வழியாக நடந்து போக வேண்டிய இடத்தில் இருக்கும். அங்கே சுவரில் தொங்கும் ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சைப் பொத்தானை அழுத்த யாராவது ஒருவர் போயாக வேண்டும் என்ற நிலை இப்போது மாறியிருக்கிறது. கொட்டகைக்குள் சிம் கார்டு போட்ட சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டால், வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே செல்போனில் மோட்டார் போடலாம், நிறுத்தலாம்.

இந்தப் பெட்டியை வாங்கலாமா என்று விவசாயிகள் கேட்கும்போது கடைக்காரர் ஒரு பதில் சொல்கிறார், எலக்ட்ரீஷியன் ஒரு பதில் சொல்கிறார், ஏற்கெனவே மாட்டியவர் வேறொரு பதில் சொல்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றிலும் சரியாக வராத ஒரு விஷயம், இருபது முப்பது வருடம் ஓடிய பழைய மோட்டாரிலும் பழைய ஸ்டார்ட்டரிலும் இதை மாட்டும்போது என்ன ஆகும் என்பது. நம் கொட்டகைகளில் இருப்பதில் பெரும்பாலானவை பழசுதான் என்பதால் இதையே முதன்மையாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கருவியைச் சோம்பேறிகளின் வசதி என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகளுக்கு மும்முனை மின்சாரம் பல ஆண்டுகளாகப் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று முறை வைத்தே வந்தது. இரவு முறை பதினோரு மணிக்கு வரும், இரண்டு மணிக்கு வரும், சொன்ன நேரத்தில் வராமலும் போகும். கரண்ட் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே டார்ச்சை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போய் உட்கார்ந்திருந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அந்த வரப்பில்தான் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் கிடக்கின்றன. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்தார். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகவே ஆக்கியது. ஈரக் காலோடு, ஈரத் தரையில் நின்று, இருட்டில் கைவைக்கும் பழைய இரும்புப் பெட்டியால் ஏற்படும் மின் விபத்துகள் தனி. இரவில் ஒருவர் கழனிக்குப் போகாமல் இருக்க முடிந்தால், அதற்காக மட்டுமே இந்தக் கருவிக்குக் கொடுக்கும் பணம் தகும்.

கவலையும் ஏற்றமும் இருந்த காலத்தில் தண்ணீர் இறைக்க மாடும் ஆளும் கிணற்றடியிலேயே நின்றார்கள். ஆயில் என்ஜின் வந்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பி, ஓடும்வரை பக்கத்தில் இருந்தார்கள். கரண்ட் மோட்டார் வந்த பிறகுதான் போட்டுவிட்டு நகர முடிந்தது. அப்போதும் போடுவதற்கும் நிறுத்துவதற்கும் ஆள் வேண்டும். புணேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்ட்வால், இரவில் மோட்டார் போட நடந்து போன தன் தாத்தாவின் சிரமத்தைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினார். அவர் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ கருவி செல்போன் அழைப்பில் பம்புசெட்டை இயக்கிக் காட்டியது. 2009இல் நோக்கியா நிறுவனம் நடத்திய புத்தாக்கப் போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. அதன் பிறகு பம்பு உற்பத்திக்குப் பேர்போன கோயம்புத்தூரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் பல பெயர்களில் கருவிகள் சந்தைக்கு வந்தன. இன்று சில ஆயிரம் ரூபாயிலிருந்து பத்தாயிரத்துக்கு மேல் வரை விலை இருக்கிறது.

உள்ளே நடப்பது எளிமையான வேலை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு காயில் இருக்கிறது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயிலுக்குக் கரண்ட் போய், அது காந்தமாகி, மூன்று பாயிண்டுகளை இழுத்துப் பிடிக்கும், மோட்டார் ஓடும். சிவப்புப் பொத்தான் காயிலுக்குப் போகும் கரண்டை அறுக்கும், பாயிண்டுகள் விலகும், மோட்டார் நிற்கும். இடையில் மின்வெட்டு ஆனாலும் காயில் விட்டுவிடும், மறுபடி யாராவது அழுத்தினால்தான் ஓடும். செல்போன் கருவி தன்னிடமுள்ள ஒரு ரிலேயைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், இன்னொன்றைச் சிவப்புப் பொத்தானின் வழியிலும் சேர்த்துக்கொள்கிறது. நாம் அழைத்து எண்ணை அழுத்தினாலோ குறுஞ்செய்தி அனுப்பினாலோ, நம் விரலுக்குப் பதிலாக அந்த ரிலே பொத்தானை அழுத்துகிறது.

ஆக, கருவி எதையும் புதிதாக ஓட்டுவதில்லை. இருக்கிற ஸ்டார்ட்டரைத்தான் ஓட்டுகிறது. அந்த ஸ்டார்ட்டர் எப்படி இருக்கிறதோ, தொலைவிலிருந்து இயக்கும் நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் அப்படியேதான் இருக்கும். பழைய பெட்டிகளில் பாயிண்ட் கருகி மேடுபள்ளமாகியிருக்கும். கடைசிக் கம்பத்தில் இருக்கும் கழனிகளில் வோல்டேஜ் குறைந்தால் காயில் முழுப் பிடியில் இல்லாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும், அதிலேயே பாயிண்ட் உருகி ஒட்டிப்போவதும் உண்டு. ஒட்டிய பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. நேரில் நிற்கிறவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும், மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். செல்போனில் நிறுத்தியவருக்கு ‘நிறுத்தப்பட்டது’ என்று பதில் வந்திருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டளை கொடுத்ததை மட்டும் சொல்லும் கருவிக்கும், மோட்டாருக்குப் போகும் கரண்டை ஒயரைச் சுற்றி மாட்டிய வளையத்தால் அளந்து உண்மையிலேயே நின்றதைச் சொல்லும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். விலை குறைந்த கருவிகளில் முதலில் விட்டுவிடுவது அந்த வளையத்தைத்தான். அது இல்லாத கருவியைப் பழைய ஸ்டார்ட்டரில் மாட்டவே கூடாது என்பது என் கருத்து.

இன்னொரு தடை கைப்பிடி ஸ்டார்ட்டர். ஏழரை, பத்து குதிரைத்திறன் மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பது வழக்கம். மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்டைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும் என்பதால், முதலில் குறைந்த அழுத்தத்தில் சுழல விட்டு, வேகம் எடுத்த பிறகு முழு அழுத்தத்துக்கு மாற்றுவார்கள். பழைய பெட்டிகளில் அந்த மாற்றத்தைச் செய்வது மனிதக் கை. கைப்பிடியை ஒரு பக்கம் இழுத்து, சத்தத்தைக் கேட்டு, மறுபக்கம் தள்ள வேண்டும். இந்த வேலையை எந்தச் சிம் கார்டும் செய்யாது. தானியங்கி ஸ்டார்-டெல்டா பேனலாக மாற்றினால்தான் செல்போன் கருவி பொருந்தும். அப்போது செலவு கருவியின் விலையோடு முடியாது. இதை வாங்கும் முன்பே சொல்லும் கடைக்காரர் நல்ல கடைக்காரர்.

பம்பின் வகையும் முக்கியம். திறந்த கிணற்றில் மேடையில் உட்கார்ந்திருக்கும் மோனோபிளாக் பம்புக்கு, உறிஞ்சும் குழாயில் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். புட்வால்வு கசிந்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், மறுபடி குடத்தில் மொண்டு ஊற்றிக் காற்றை வெளியேற்றாமல் பம்பு தண்ணீர் எடுக்காது. பழைய புட்வால்வு கசியாமல் இருப்பது அபூர்வம். இப்படிப்பட்ட கிணற்றில் வீட்டிலிருந்து மோட்டார் போட்டால் அது வெறுமனே சுற்றிச் சூடேறி, சீலைத் தின்றுவிடும். புட்வால்வை மாற்றி, ஒரு வாரம் தண்ணீர் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் செல்போனைப் பற்றி யோசிக்க வேண்டும். நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் போர் உள்ளவர்கள் இந்தக் கருவியைப் புகழ்வதும், கிணறு உள்ளவர்கள் சலித்துக்கொள்வதும்.

பழைய இயந்திரத்தைத் தொலைவிலிருந்து கிளப்பலாமா என்ற இதே கேள்வி குளிர்நாடுகளில் கார்களுக்கும் வந்து, அங்குள்ளவர்கள் அதற்கு ஒரு வழியும் கண்டிருக்கிறார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் வந்தபோது, கையால் ஹேண்டில் சுற்றும் வேலை போயிற்று. பின்னாளில் கனடா, அமெரிக்காவின் வட பகுதி போன்ற பனி விழும் இடங்களில், வீட்டுக்குள்ளிருந்தே என்ஜினைக் கிளப்பிக் காரைச் சூடேற்றிக்கொள்ளும் ரிமோட் ஸ்டார்ட்டரைப் பழைய கார்களிலும் மாட்டத் தொடங்கினார்கள். கியரில் நிற்கும் காரைக் கிளப்பினால் அது பாய்ந்து முன்னே இருப்பவரை நசுக்கும். மூடிய கொட்டகையில் கிளப்பினால் புகையின் விஷம் வீட்டுக்குள் பரவும். எனவே கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்யும் இணைப்பு, பானெட் திறந்திருந்தால் கிளம்பவிடாத சுவிட்ச், சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இல்லாமல் நல்ல மெக்கானிக் அதை மாட்டமாட்டார். நம் ஊரில் மேட்டில் நிறுத்தும்போது முதல் கியரில் விட்டுவிட்டுப் போவது பழக்கம் என்பதால், கைக் கியர் உள்ள பழைய மாருதியிலோ அம்பாசிடரிலோ இதை மாட்டுவது இரட்டை ஆபத்து. ஓட்டுநர் இல்லாமல் பொது இடத்தில் வண்டி நிற்கலாகாது, நின்றால் என்ஜினை நிறுத்திப் பிரேக் போட்டிருக்க வேண்டும் அல்லது அது தானாக நகராதபடி வேறு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆவது பிரிவும் சொல்கிறது. ஆளில்லாத இடத்தில் இயந்திரம் கிளம்பும்போது அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியைக் கார்க்காரர்கள் முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். பம்புசெட்டில் நாம் அதை இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

கிணற்றுக்குள் தூர் வாரவும், புட்வால்வு மாற்றவும், அறுந்த கயிற்றை எடுக்கவும் ஆட்கள் இறங்குகிறார்கள். கூலிக்கு வந்தவருக்கு மோட்டார் செல்போனில் ஓடும் என்பதே தெரியாமல் இருக்கலாம். வெளியூரில் இருக்கும் மகன் தன் போனிலிருந்து, ‘அப்பா மறந்திருப்பார்’ என்று மோட்டார் போட்டுவிட்டால் என்ன ஆகும்? குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்கும், மோட்டாரின் கப்ளிங்கில் கை வைத்திருக்கிறவருக்கும், எர்த் சரியில்லாத பம்பின் அருகே தண்ணீரில் நிற்கிறவருக்கும் உயிர் போகும். ஆட்டோ என்ற இடத்தில் சுவிட்சை விட்டிருந்தால் யாரும் போட வேண்டியதுகூட இல்லை. கரண்ட் வந்ததும் மோட்டார் தானே கிளம்பும். எனவே கிணற்றில் கை வைக்கும் முன் செல்போன் கருவியை நிறுத்தினால் போதாது, மெயினை இறக்கி, மூன்று பியூஸ் கேரியர்களையும் கழற்றி இறங்குகிறவரின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். இது வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பழக்கமாக வேண்டும். கொட்டகைக் கதவில் ‘இந்த மோட்டார் தானாக ஓடும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

புயல் நாட்களில் இந்தக் கவனம் பல மடங்கு வேண்டும். 2024 டிசம்பர் 1ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில், ஃபெஞ்சல் புயலால் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கொட்டகைகள் மூழ்கின, கம்பங்கள் சாய்ந்தன. நனைந்த வைண்டிங்கைக் காயவைத்து, மெக்கர் வைத்து இன்சுலேஷனைச் சோதிக்காமல் அந்த மோட்டார்களில் கரண்ட் விடக் கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு நேரில் போய்ப் பார்க்காமல் செல்போனில் மோட்டார் போடுவது, மோட்டாரையும் ஆளையும் சேர்த்துப் பணயம் வைப்பதாகும்.

இவ்வளவு சொன்ன பிறகும், நல்ல கருவி மோட்டாரைக் காப்பாற்றுவதில் ஆளைவிடக் கெட்டிக்காரன் என்பதை மறுக்க முடியாது. மூன்று முனையில் ஒன்று போய்விட்டால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. மீதி இரண்டில் கூடுதல் கரண்டை இழுத்து உறுமிக்கொண்டே ஓடி, மோட்டாரின் காயில் (வைண்டிங்) கருகும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும். அந்தக் குறைவைக் கண்டு நிறுத்தாவிட்டால், தண்ணீராலேயே குளிர்ந்துகொள்ளும் நீர்மூழ்கி மோட்டார் சூடேறிப் போகும். டிரான்ஸ்பார்மரில் வேலை பார்த்து ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். இவை எல்லாவற்றையும் கண்டு நொடிகளில் நிறுத்தி, ஏன் நிறுத்தினேன் என்று செய்தி அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. காயில் கட்டும் கூலியும், போரிலிருந்து மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலியும் எவ்வளவு என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இந்தப் பாதுகாப்புகள் மாட்டிய அன்றே வேலை செய்துவிடுவதில்லை. கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கும்போது மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ப எல்லைகளை அமைக்க வேண்டும். தொழிற்சாலையில் வைத்த அளவிலேயே விட்டுப் போகும் எலக்ட்ரீஷியனால், கருவி காரணமில்லாமல் நிறுத்திக்கொண்டே இருக்கும். பொறுமை இழந்த விவசாயி எல்லாப் பாதுகாப்பையும் அணைத்துவிட்டு வெறும் ஸ்டார்ட்டராக மட்டும் வைத்துக்கொள்வார். கண்டன்சர் வைத்து இரண்டு முனையிலேயே மோட்டார் ஓட்டும் பழக்கம் உள்ள இடங்களிலும் இதே கதைதான். இரு முனையில் ஓட விட வேண்டுமென்று முனை இழப்புப் பாதுகாப்பை எடுத்துவிட்டால், கருவியின் பாதிப் பயன் அங்கேயே போயிற்று.

ஆட்டோ முறை ஒருவருக்கு வசதி, ஊருக்குத் தொல்லை. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் அத்தனை மோட்டாரும் கரண்ட் வந்த அதே நொடியில் கிளம்பினால், ஒவ்வொன்றும் ஆறேழு மடங்கு இழுக்க, வோல்டேஜ் சரிந்து பியூஸ் போகும், டிரான்ஸ்பார்மரே எரிவதும் உண்டு. கருவியில் தாமத நேரம் வைக்க இடமிருக்கிறது. அக்கம்பக்கத்தார் பேசிவைத்து, ஒருவருக்கு ஒரு நிமிடம், அடுத்தவருக்கு இரண்டு நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். லைன்மேனே இதை முன்னின்று செய்து கொடுத்தால் நல்லது.

சிம் கார்டுச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பழைய கருவிகள் 2ஜி அலைவரிசையில் மட்டும் வேலை செய்பவை. ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால் அந்தச் சிம் அவற்றில் எடுக்காது. 2ஜி சேவை படிப்படியாகக் குறையும் காலம் இது, இன்று வாங்குகிறவர் 4ஜி கருவியாகக் கேட்டு வாங்குவதே சரி. மோட்டாருக்குத் தேவை இரண்டு அழைப்பும் நான்கு குறுஞ்செய்தியும்தான், டேட்டா தேவையில்லை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்திருப்பது இந்த வகையில் உதவும். சிம் எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது, குறிப்பிட்ட எண்களிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும்படி கருவியைப் பூட்டி வைக்க வேண்டும்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அது விவசாயிகள் போராடிப் பெற்ற உரிமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடந்து போய் நிறுத்த வேண்டிய சிரமம் இருந்தபோது ஓடிய நேரத்தைவிட, போட்டது மறந்துபோகும் அளவுக்கு எளிதானபோது மோட்டார் அதிக நேரம் ஓடும். மடை திருப்ப ஆள் இல்லாமல் பாத்தி நிரம்பி வழிந்து, பக்கத்துக் கழனியில் மல்லாட்டை அழுகியதால் பகையான குடும்பங்கள் உண்டு. கருவியில் உள்ள நேர நிறுத்தத்தைப் பயன்படுத்தி, இரண்டு மணி நேரம் ஓடியதும் தானே நிற்கும்படி வைத்தால், அதே கருவி தண்ணீரை மிச்சப்படுத்தவும் செய்யும். சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

வேளாண்மைப் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் தருகிறது. சிறு, குறு விவசாயிகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், பெண் விவசாயிகளுக்கும் விலையில் பாதி அல்லது 7,000 ரூபாய், மற்றவர்களுக்கு 40 சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது என்பது அறிவிக்கப்பட்ட அளவு. ஆண்டுதோறும் ஒதுக்கீடு மாறும் என்பதால் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். திட்டம் நல்ல திட்டம். அதில் ஒரு குறையும் உண்டு. மானியம் பெட்டிக்குக் கிடைக்கிறது, பெட்டி மாட்டப்படும் கொட்டகையின் நிலைக்குக் கிடைப்பதில்லை. துருப்பிடித்த எர்த் கம்பி, கருகிய பாயிண்ட், மூடியில்லாத பியூஸ் போர்டு இவை அப்படியே இருக்க, அதன் மேல் புதிய கருவி ஏறுகிறது. கருவியோடு சேர்த்து எர்த் போடுவதற்கும், கசிவு மின்சாரம் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் மானியத்தில் இடம் கொடுக்க வேண்டும். மாட்டும் முன் ஒரு பொறியாளர் கொட்டகையைப் பார்த்துச் சான்று தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். துறைக்கும் மின்வாரியத்துக்கும் இது பெரிய வேலை அல்ல.

விவசாயிகளுக்கு என் பரிந்துரை, பணத்தை இந்த வரிசையில் செலவழிக்க வேண்டும் என்பது. முதலில் எர்த், அடுத்து ஸ்டார்ட்டர் பாயிண்டும் காயிலும், கிணற்றுப் பம்பானால் புட்வால்வு, அதன் பிறகு கரண்ட் அளக்கும் வளையத்தோடு வரும் 4ஜி கருவி. கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாவிட்டால் கருவியை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள், எர்த்தைத் தள்ளிவைக்காதீர்கள்.